செத்தபின் பிறந்த சொற்கள்

உங்கள் வீட்டில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற வாண்டு இருக்கிறதா? அதன் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் புரட்டுங்கள். எப்படியும் ஒரு பாடம் காட்டு விலங்குகளைப் பற்றி இருக்கும். பாடம் முடிந்ததும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அருஞ்சொற்கள். எண்டேஞ்சர்ட், எக்ஸ்டிங்ட், போச்சிங், சாங்க்சுவரி... பக்கத்திலேயே பொருள். பிள்ளை அதைப் பத்து தடவை எழுதி, உருப்போட்டு, பரீட்சையில் 'பொருத்துக' பகுதியில் சரியாகக் கோடு இழுத்து, ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டு, மறுநாளே மறந்துவிடும்.

பார்த்தால் பரம சாதுவான சொற்கள். நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து, 'ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்' என்று உருகி உருவாக்கியவை போலத் தெரியும். ஜாதகத்தைப் பிரித்தால்தான் விஷயம் வெளியே வருகிறது. இவற்றில் பாதி, வேட்டைக்காரர்கள் வீட்டுச் சொத்து. மீதி, ஏதோ ஓர் உயிரினம் கண்ணை மூடி, காரியமெல்லாம் முடிந்தபிறகு அவசர அவசரமாகத் தேடிப் பிடிக்கப்பட்டவை.

முதலில் வேட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போவோம்.

வேட்டையாடப்படும் விலங்குக்கு ஆங்கிலத்தில் 'கேம்' என்று பெயர். கிரிக்கெட், கபடி எல்லாவற்றுக்கும் சொல்கிறோமே, அதே கேம்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கேளிக்கை, குதூகலம் என்று பொருள். ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் வேட்டையை விட்டால் வேறு என்ன பெரிய கேளிக்கை? நாளடைவில் துரத்தப்படுகிற பிராணிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உயிரோடு ஓடுகிற ஒன்றுக்குப் பெயர், விளையாட்டு!

'ஃபாரஸ்ட்' கதை இன்னும் வேடிக்கை. அது மரங்களைக் குறித்த சொல்லே கிடையாது. சட்டச் சொல். 1066-ல் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தாரே வில்லியம், அவர் கையோடு கொண்டுவந்த சட்டம். அரசர் வேட்டையாடுவதற்கென்று ஒதுக்கிய நிலம் எதுவோ, அது ஃபாரஸ்ட். மரமே இல்லாத புல்மேடாக இருந்தாலும் ஃபாரஸ்ட்தான். 1079-ல் அவர் தெற்கு இங்கிலாந்தில் உருவாக்கிய 'நியூ ஃபாரஸ்ட்' இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. அங்கே மானைக் கொன்றவனின் கண்களைக் குருடாக்க அவர் ஆணையிட்டதாக அந்தக் காலத்து ஆங்கிலோ சாக்ஸன் குறிப்பேடு சொல்கிறது. 'பார்க்' என்பது வேலி போட்டு ராஜாவுக்கு மான் வளர்த்த இடம். 'போச்சிங்' என்பது அந்த மானைத் திருடுவது. பசிக்கு ஒரு மானை அடித்த குடியானவன் போச்சர். பொழுது போகாமல் முந்நூறு அடித்த பிரபு, ஸ்போர்ட்ஸ்மேன்!

'சாங்க்சுவரி' மட்டும் கோயிலிலிருந்து வந்தது. கொலையே செய்திருந்தாலும், ஓடிப்போய் தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டால் காவலர்கள் உள்ளே வந்து கைது செய்ய முடியாது. அந்த அடைக்கலத்துக்குத்தான் அப்படிப் பெயர். தமிழில் 'சரணாலயம்' என்று அப்படியே பொருத்தமாகப் பிடித்துக்கொண்டோம். என்ன, அங்கே சரண் புகுந்தவன் குற்றவாளி. இங்கே..?

சரி, ராஜாவின் மானுக்குச் சட்டம் இருந்தது. ராஜாவுக்கு வேண்டாத பிராணிகளுக்கு? அவற்றுக்கும் ஒரு சொல் இருந்தது. இந்தக் கட்டுரையிலேயே ஆபத்தான சொல் அதுதான். 'வெர்மின்'.

லத்தீனில் புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தொல்லை தரும் பிராணி, ஒழிக்கப்பட வேண்டியது என்று அர்த்தம். 1566-ல் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். தானியத்தைக் காப்பாற்றுவதற்கான சட்டம் என்று பெயர். ஊர் தேவாலயத்தின் நிர்வாகிகளிடம் 'வெர்மின்' தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு. எலி, காக்கை சரி. பட்டியலில் மீன்கொத்தி இருந்தது. தானியத்துக்கும் மீன்கொத்திக்கும் என்ன பகை? தெரியாது. தலைக்கு ஒரு பென்னி. முள்ளெலிக்கு இரண்டு பென்னி. அது என்ன பாவம் செய்தது என்கிறீர்களா? ராத்திரியில் படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய்வைத்துப் பாலைக் குடித்துவிடுகிறதாம்! அதன் வாய் இருக்கிற அளவுக்கு அது நடக்கிற காரியமே இல்லை. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் முள்ளெலித் தலைகள் தேவாலயக் கணக்குப் புத்தகங்களில் ஏறிக்கொண்டே இருந்தன. அதே முள்ளெலியை 2020-ல் பிரிட்டன் தன்னுடைய ஆபத்துக்குள்ளான பாலூட்டிகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சொல் கப்பல் ஏறியது. வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் கூடவே போனது. இந்தியாவுக்கும் வந்தது. புலி, சிறுத்தை, ஓநாய், செந்நாய் எல்லாவற்றின் தலைக்கும் அரசாங்கம் சன்மானம் அறிவித்தது. 1875-லிருந்து 1925 வரை, ஐம்பதே வருடத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்குச் சொல்கிறார். எண்பதாயிரம்!

நம்ம நீலகிரியிலேயே இதன் இரண்டு பக்கமும் தெரியும். 1879-ல் நீலகிரிக்கென்று ஒரு சட்டம் வந்தது. வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டம். இந்தியாவின் முன்னோடிச் சட்டங்களில் ஒன்று. துரைமார்கள் தொடர்ந்து சுடுவதற்கு வரையாடும் கடமானும் மிச்சமிருக்க வேண்டுமே, அதற்காக. ஆனால் அதே மலையில், அதே மானைத் தின்கிற செந்நாய், 'வெர்மின்'. கொன்றால் பரிசு. மானைச் சுடுகிற உரிமை துரைக்கு உண்டு, செந்நாய்க்குக் கிடையாது என்று அர்த்தம். 1877-ல் அங்கே தொடங்கிய சங்கத்தின் பெயரில் 'கேம்' இருந்தது. பிற்பாடு அதைத் தூக்கிவிட்டு 'வைல்ட் லைஃப்' என்று வைத்துக்கொண்டார்கள். நூறு வருட மனமாற்றத்தை ஒரு பெயர்ப்பலகையில் படித்துவிடலாம்.

*

இப்போது 'எக்ஸ்டிங்ட்'.

தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைப் பார்த்திருப்பீர்கள். ஃபயர் எக்ஸ்டிங்க்விஷர். அதே வேர்தான். எக்ஸ்டிங்ட் என்றால் அணைந்துபோனது. விளக்கு அணைந்தால் எக்ஸ்டிங்ட். எரிமலை அடங்கினால் எக்ஸ்டிங்ட். வாரிசில்லாமல் ஒரு பிரபு வம்சம் முடிந்துபோனாலும் எக்ஸ்டிங்ட். ஒரு விலங்கினமே அணைந்துபோகும் என்று மட்டும் நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. கடவுள் படைத்ததில் ஒன்று இல்லாமல் போய்விடுமா, அப்படியானால் படைப்பில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகாதா என்று நினைத்தார்கள். மொரீஷியஸ் தீவில் டோடோ என்ற பறக்கத் தெரியாத கொழுத்த பறவை 17-ம் நூற்றாண்டிலேயே தீர்ந்துபோனது. 1598-ல் டச்சுக்காரர்கள் தீவில் இறங்கினார்கள். நம்பத்தக்க கடைசித் தகவல் 1662. நூறு வருடம்கூட ஆகவில்லை. அப்போது 'அடடா, ஓர் இனம் போய்விட்டதே' என்று அழுதவர் ஒருவரும் இல்லை. அழுவதற்கு அந்த எண்ணமே பிறக்கவில்லை.

பிறந்தது 1796-ல், பாரிஸில். ஜார்ஜ் குவியே என்ற 26 வயது இளைஞர் அறிஞர்கள் சபையில் யானைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஆசிய யானை வேறு, ஆப்பிரிக்க யானை வேறு. இரண்டும் தனித்தனி இனம். பல்லைப் பாருங்கள், தாடையைப் பாருங்கள். சரி. சைபீரியாவில் மண்ணுக்குள் கிடைக்கிறதே மாமூத் எலும்பு, அது இந்த இரண்டிலும் சேராது. அப்படியானால் அது எங்கே? இவ்வளவு பெரிய உருவம் உலகத்தில் எந்த மூலையில் ஒளிந்திருக்க முடியும்? ஒளிந்திருக்கவில்லை, முடிந்துபோய்விட்டது என்றார் குவியே.

எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன், மேற்கே ஆராயப்படாத பிரதேசத்தில் மாமூத் இன்னும் உயிரோடு உலாவும் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

சரி, பழங்காலத்தில் ஏதோ பிரளயத்தில் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். நம் காலத்தில், நம் கையால் ஓர் இனம் போகுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் செத்தது ஒரு பறவை.

வட அட்லாண்டிக் கடலின் 'கிரேட் ஆக்'. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நிமிர்ந்த நடை, பறக்க வராது. உடனே உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? பெங்குவின்தானே? விஷயம் என்னவென்றால், 'பெங்குவின்' என்ற பெயரே முதலில் இந்தப் பறவைக்குரியது. பிற்பாடு தெற்கே போன மாலுமிகள், ஏறக்குறைய இதேமாதிரி இருந்த வேறொரு பறவையைப் பார்த்து அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரன் போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர் மட்டும் தென்துருவத்தில் நடமாடுகிறது.

இறைச்சிக்காக, எண்ணெய்க்காக, மெத்தையில் அடைக்கும் இறகுக்காகக் கப்பல் கப்பலாகக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தவை நூறாகிப் பத்தாகின. இங்கேதான் கதை விபரீதமாகத் திரும்புகிறது. எண்ணிக்கை குறைந்ததும் அருங்காட்சியகங்களும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் விழித்துக்கொண்டார்கள். 'ஐயோ, அரிதாகிக்கொண்டே போகிறதே, நம்மிடம் ஒன்று இருக்கட்டும்!' விலை ஏறியது. அதற்குமுன் இறகுக்குக் கொன்றவன் இப்போது அரிது என்பதற்காகவே கொன்றான். 'ரேர்' என்ற சொல் அந்தப் பறவையின் கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டு ஆகிவிட்டது.

1844 ஜூன். ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே என்ற செங்குத்துப் பாறைத் தீவு. படகில் வந்தவர்களில் மூன்று பேர் மேலே ஏறினார்கள். ஒரு ஜோடி ஆக் பறவைகள் நின்றிருந்தன. துரத்திப் பிடித்துக் கழுத்தை நெரித்தார்கள். ஒரு முட்டை இருந்தது. உடைந்திருந்ததால் அப்படியே போட்டுவிட்டார்கள். நிச்சயமாகத் தெரிந்த கடைசி ஜோடி அதுதான். அவற்றின் உள்ளுறுப்புகள் மட்டும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் ஜாடிகளில் இருக்கின்றன.

1858-ல் ஜான் வூலி, ஆல்ஃபிரட் நியூட்டன் என்று இரண்டு ஆங்கிலேயர்கள் ஐஸ்லாந்துக்குப் போனார்கள். ஆக் பறவையைப் பார்க்க வேண்டும், கிடைத்தால் முட்டையும் எடுத்துவர வேண்டும் என்று ஆசை. கடல் கொந்தளிப்பில் எல்டே தீவை நெருங்கக்கூட முடியவில்லை. கரையில் உட்கார்ந்து, 1844-ல் படகில் போனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து வாக்குமூலம் வாங்குவது போலக் கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். பறவையைத் தேடிப் போனவர்கள் அதன் மரண விசாரணையோடு திரும்பினார்கள்.

வூலி அடுத்த வருடமே இறந்துவிட்டார். நியூட்டன் கேம்பிரிட்ஜில் விலங்கியல் பேராசிரியரானார். அந்த ஐஸ்லாந்து வாக்குமூலங்கள் அவரைச் சும்மா விடவில்லை. ஓர் இனம் அழிவது என்பது எப்போதோ நடந்த பிரளயக் கதை அல்ல, ஒரு ஜூன் மாதக் காலையில் மூன்று பேர் செய்யக்கூடிய வேலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் கடற்பறவைகளைச் சுடக்கூடாது என்று 1868-ல் குரல் எழுப்பினார். 1869-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கடற்பறவைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கிரேட் ஆக்குக்கு 25 வருடம் லேட்.

*

இந்த 'லேட்' வழக்கத்தின் உச்சக்கட்டம் டாஸ்மேனியாவில் நடந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் கீழே இருக்கும் அந்தத் தீவில் ஒரு பிராணி. கங்காரு மாதிரி வயிற்றில் பை. நாய் மாதிரி முகம். முதுகில் வரிவரியாகக் கோடு. தைலசின் என்று இப்போது சொல்கிறோம். குடியேறிய வெள்ளைக்காரர்கள் புலி என்றார்கள், ஓநாய் என்றார்கள், கழுதைப்புலி என்றார்கள். அதற்கும் இந்த மூன்றுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் 'ஓநாய்' என்று பெயர் வைத்த உடனே, ஆடு வளர்ப்பவனுக்கு அது என்ன செய்யும் என்ற கேள்விக்கு விசாரணையே தேவைப்படவில்லை. பட்டியில் ஆடு குறைந்தால் பழி தைலசின் மேல். ஊர் சுற்றிய நாய்கள் தப்பித்தன.

1886-ல் டாஸ்மேனிய பார்லிமெண்டில், தலைக்குப் பணம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு. ஆதரவு 12, எதிர்ப்பு 11. ஒரே ஓட்டு! 1888-லிருந்து 1909 வரை, வளர்ந்த தைலசினுக்கு ஒரு பவுண்டு, குட்டிக்குப் பத்து ஷில்லிங். அரசாங்கம் பணம் கொடுத்த தலைகள் 2,184. கணக்கில் வராதவை தனி. 2011-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் மண்டை ஓட்டைக் கணினியில் வைத்துச் சோதித்தார்கள். வளர்ந்த ஆட்டை அடித்துச் சாப்பிடுகிற பலமே அந்தத் தாடைக்கு இல்லை என்று முடிவு வந்தது. முள்ளெலியும் பசு மடியும் ஞாபகம் வருகிறதா?

1936 ஜூலை 10-ம் தேதி டாஸ்மேனிய அரசு தைலசினைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக அறிவித்தது. அப்போது ஹோபார்ட் நகர மிருகக்காட்சி சாலையில் ஒன்று இருந்தது. செப்டம்பர் 7-ம் தேதி அது செத்துப்போனது. நடுவில் 59 நாட்கள். ஓர் இனம் முழுவதுமாகச் சட்டப் பாதுகாப்பை அனுபவித்த காலம் அவ்வளவுதான்.

உடலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு ஆளைக் காணோம்! குப்பையில் போட்டிருப்பார்கள் என்று எண்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2022 டிசம்பரில்தான், அதே அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் தோலும் எலும்பும் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரு வயதான பெண் விலங்கு. கண்ணி வைத்துப் பிடிப்பது சட்டவிரோதம் என்பதால், அதை வாங்கியதையே யாரும் பதிவு செய்யவில்லை. அந்தத் தோலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்களாம். கையில் இருப்பது கடைசித் தைலசின் என்று தெரியாமலேயே.

*

1912-ல் தென்துருவப் பனியில் சிக்கி, கூடாரத்துக்குள் செத்துக்கொண்டிருந்த கேப்டன் ஸ்காட், மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். பையனுக்கு இயற்கை மேல் ஆர்வம் வரும்படி வளர்த்துவிடு என்று அதில் கேட்டுக்கொண்டார். பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. அந்தப் பையன்தான் பீட்டர் ஸ்காட். பாண்டா கரடிச் சின்னத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1960-களில் அவர் சொன்ன யோசனைதான் 'ரெட் டேட்டா புக்'. ஐ.யு.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை வெளியிட்டது. ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு தாள். கழற்றி மாட்டலாம். ஆபத்திலிருந்து மீண்டுவிட்டால் பச்சைத் தாள். பச்சைத் தாள்கள் அதிகம் தேவைப்படவில்லை.

இந்தக் காலத்தில்தான் 'எண்டேஞ்சர்ட்' என்ற சொல், கட்டுரையில் வருகிற சொல்லாக இருந்தது போய், சட்டத்தில் உட்கார்ந்தது. சட்டத்தில் உட்கார்ந்த சொல் எவ்வளவு கனம் கனக்கும் என்று அமெரிக்காவில் ஒரு குட்டி மீன் காட்டிக்கொடுத்தது.

டென்னஸி மாநிலத்தில் லிட்டில் டென்னஸி என்ற ஆறு. அதன் குறுக்கே டெல்லிகோ அணை. 1967-ல் வேலை ஆரம்பித்தது. விவசாயிகள் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். செரோக்கி பழங்குடிகளின் பூர்வீக ஊர்கள் மூழ்கப்போகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் தனாசி. மாநிலத்துக்கே 'டென்னஸி' என்ற பெயரைக் கொடுத்த ஊர்! விவசாயிகள் கத்தினார்கள், பழங்குடிகள் கத்தினார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

1973 ஆகஸ்டில் டேவிட் எட்னியர் என்ற விலங்கியல் பேராசிரியர் அந்த ஆற்றில் முக்குளித்து ஒரு மீனைப் பிடித்தார். மூன்று அங்குலம். நத்தை தின்பதால் 'ஸ்நெய்ல் டார்ட்டர்'. வேறெங்கும் இல்லாத மீன் என்றார்கள். அதே வருடம் டிசம்பரில் ஜனாதிபதி நிக்சன் எண்டேஞ்சர்ட் ஸ்பீஷிஸ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1975-ல் மீனுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. சட்டப் பேராசிரியர் ஒருவரும் அவர் மாணவரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள்.

1978-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. 6-க்கு 3. அணை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவாகிவிட்டது. இருந்தாலும் சட்டம் 'எண்டேஞ்சர்ட்' என்று சொல்லியிருக்கிறது, ஆகவே அணையை மூடி நீர் தேக்கக்கூடாது. மனிதர்கள் கத்தி நிற்காத அணை, மூன்று அங்குல மீனுக்கு நின்றது!

ஆனால் அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா? விதிவிலக்கு கொடுக்கலாமா என்று பார்க்க ஓர் உயர்மட்டக் குழு போட்டார்கள். ஓர் உயிரினம் இருக்கலாமா போகலாமா என்று தீர்மானிக்கிற குழு என்பதால், ஜனங்கள் அதற்குக் 'கடவுள் கமிட்டி' என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் குழுவும் 1979-ல் ஒருமனதாகக் கைவிரித்தது. மீனை விடுங்கள், மிச்ச வேலையை முடிக்கிற செலவுக்குக்கூட இந்த அணை பிரயோஜனமில்லை என்றது. கடைசியில் ஒரு நிதி மசோதாவின் வாலில் ரகசியமாக ஒரு வரியைச் சேர்த்து அனுமதி வாங்கிவிட்டார்கள். 1979 நவம்பரில் மதகு மூடப்பட்டது. தனாசி மூழ்கியது. மீனை முன்கூட்டியே வேறு ஆற்றில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வேறு இடங்களிலும் அது இருப்பது பிற்பாடு தெரிந்தது. பிழைத்துக்கொண்டது. 2022-ல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இதோடு முடிந்ததா? 2025 ஜனவரியில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வெடிகுண்டு போட்டார்கள். மரபணுவைப் பார்த்தால் அது தனி இனமே இல்லை, ஏற்கெனவே தெரிந்த வேறொரு டார்ட்டர் மீனின் கிழக்குக் கிளைதான்! அணையை ஆதரித்தவர்களுக்கு வாயெல்லாம் பல். என்னைக் கேட்டால், அந்த ஆற்றைக் காப்பாற்ற நினைத்தவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தச் சொல்தான். வெளியேற்றப்பட்ட விவசாயிக்கோ, மூழ்கிய ஊர்க்காரனுக்கோ அப்படி ஒரு சொல்லை எந்தச் சட்டமும் கொடுத்திருக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 'வெர்மின்' சாகவில்லை. நம்முடைய 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கென்று தனி அட்டவணை இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். ஆனால் எந்தப் பிராணியையும் ஒரு பகுதியில், ஒரு காலத்துக்கு 'வெர்மின்' என்று அறிவிக்கிற அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 2015 டிசம்பரில் பீகாரில் சில மாவட்டங்களுக்கு நீல்காயையும் காட்டுப்பன்றியையும் அப்படி அறிவித்தார்கள். மறு வருடம் கும்பல் கும்பலாக நீல்காய்களைச் சுட்டார்கள். டெல்லியில் மந்திரிக்கும் மந்திரிக்கும் சண்டை. கேரளத்திலும் காட்டுப்பன்றியை வெர்மின் ஆக்கச் சொல்லிக் கேட்டார்கள். விடிய விடியக் காவலிருந்தும் ஒரு வருடக் கிழங்கை ஒரே ராத்திரியில் இழந்தவனிடம் போய் எலிசபெத் ராணி கதை சொன்னால் எடுபடாது. அவன் கேட்பது நஷ்டஈடு. அது வராதபோதுதான் வெர்மின் வருகிறது.

தமிழில் இந்தச் சொற்கள் என்ன ஆகின்றன? பத்திரிகைகளில் 'அழிந்துவரும்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பத்தையும் ஓட்டிவிடுகிறோம். 'அருகிவரும்' என்று அழகான சொல் இருக்கிறது. குறைந்துகொண்டே வருவதற்கு அது. ஒன்றும் மிஞ்சாவிட்டால் 'அற்றுப்போன'. இரண்டையும் கலந்துவிட்டால், வரையாடும் டோடோவும் ஒன்றாகிவிடும். ஐ.யு.சி.என். இதில் கறார் பேர்வழி. 1994-லிருந்து எல்லாவற்றுக்கும் எண் வைத்திருக்கிறது. இனப்பெருக்கம் செய்யக்கூடியவை 250-க்குக் கீழே போனால் எண்டேஞ்சர்ட். ஐம்பதுக்குக் கீழே போனால் முன்னால் 'கிரிட்டிகலி' சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கை விழுகிற வேகத்துக்கும் தனி விதிகள் உண்டு.

*

ஐம்பதுக்குக் கீழே. பத்து. இரண்டு. ஒன்று. அந்த ஒன்றுக்கு என்ன பெயர்?

1996 வரை ஆங்கிலத்தில் பெயர் கிடையாது. அந்த வருடம் ஏப்ரலில் 'நேச்சர்' அறிவியல் இதழில் இரண்டு பேர் எழுதிய ஒரு குட்டிக் கடிதம் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் நோயாளிகள் பராமரிப்பு மையம் ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த சிலர், தங்கள் குடும்பத்தில் தாங்கள்தான் கடைசி ஆள், தங்களோடு வம்சம் முடிகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் குறிக்கச் சொல் இல்லையே என்று தேடி அவர் முன்வைத்தது: 'எண்ட்லிங்'. கடைசிக் கொழுந்து என்று சொல்லலாமா? மனிதருக்கும் பொருந்தும், மிருகத்துக்கும் பொருந்தும் என்றார்கள். மற்ற வாசகர்கள் வேறு சொற்களைச் சொல்லிப் பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. 2001-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய அருங்காட்சியகம் திறந்தபோது, தைலசின் வைக்கப்பட்ட கூடத்தில் இந்தச் சொல்லைச் சுவரில் எழுதி வைத்தார்கள். அங்கிருந்து பரவிவிட்டது.

பெயர் வந்ததும், பழைய ஆட்களெல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். வானத்தையே மறைத்துப் பறந்த பாசெஞ்சர் புறாக்களில் கடைசி ஒன்று, மார்த்தா. 1914 செப்டம்பர் 1-ம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் போனது. கலாபகஸ் தீவின் ராட்சத ஆமை, லோன்சம் ஜார்ஜ். 2012 ஜூனில் போனது. ஹவாய்த் தீவின் ஒரு மர நத்தைக்கும் ஜார்ஜ் என்றுதான் பெயர். 2019 புத்தாண்டு தினத்தில். நத்தைக்குக்கூடப் பெயர் வைத்து அழ ஆரம்பித்துவிட்டோம்.

சமீபத்தில் இன்னொரு சொல்லும் சேர்ந்திருக்கிறது. 'ஃபங்ஷனலி எக்ஸ்டிங்ட்'. உயிரோடு இருக்கிறது, ஆனால் இனம் தானாகத் தொடர வழியில்லை. வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு இதைச் சொல்கிறார்கள். கென்யாவில், கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்தபோது மிஞ்சியவை இரண்டு. நஜின், அதன் மகள் ஃபாட்டு. இரண்டும் பெண். இருபத்துநாலு மணிநேரமும் துப்பாக்கிக் காவல். நஜினுக்கு வயதாகிவிட்டதால் 2021-ல் அதனிடம் கருமுட்டை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஃபாட்டுவின் முட்டைகளை, செத்துப்போன ஆண்களிடமிருந்து எடுத்து உறைய வைத்திருந்த விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறார்கள். சுமக்க வேண்டியது வேறு இனம், தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம். அதன் சொந்தக் கருவையே வைத்துப் பார்த்த சோதனை வெற்றி என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆனால் அந்தத் தாய் 70 நாள் கர்ப்பத்தோடு, மழை வெள்ளத்தில் பரவிய கிருமியால் இறந்துபோயிருந்தது.